நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு தலைமை ஆசிரியை

மே 11, ஞாயிறு

இந்த டைரி என் கணவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜெண்டுகளுக்கென்று இனாமாகக் கொடுத்தது. ஜனவரி முதல் இன்று வரை காலி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஜனவரியிலேயே தொடங்கியிருந்தாலும் "பிரிண்டர் வரலையாம், போய்ப் பார்த்தேன்" என்ற ஒரே வரியைத்தான் தினமும் எழுதியிருப்பேன்.

எங்கள் வீட்டில் நான்கு கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். அது என் அறையில், என் கம்ப்யூட்டரோடு ஒயரால் கட்டப்பட்டிருக்கிறது. மற்ற மூன்று பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து பிரிண்ட் கொடுத்தால், அது வைஃபை வழியாக முதலில் என் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து பிரிண்டருக்குப் போகும். என் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் வீட்டில் அச்சுத் தொழில் மொத்தமும் நின்றுவிடும். உடனே கூப்பாடு. மகள் தாரணி, பார்மசி கடைசி வருடம், மாடியிலிருந்து கத்துவாள். கணவர் நல்லசிவம் கத்த மாட்டார், ஹாலில் இருந்தபடி தொண்டையைச் செருமுவார். மாமனார் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கக் கற்றுக்கொண்டு தெருவுக்கே இலவசமாக அச்சடித்துக் கொடுக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டி, உன் கம்ப்யூட்டர் தூங்குகிறதாட்டம் இருக்கிறது, எழுப்பிவிடு அம்மிணி என்பார்.

நேற்றுக் கலந்தாய்வு. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகத் தலை நரைத்த எனக்கு, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு. என் முறை வந்தபோது மிச்சமிருந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரம் ஓர் ஊர்தான். இதே பதவி முன்பு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஈரோட்டுக்கே திரும்பி வந்தவள் நான். இந்த முறையும் எழுதிக் கொடுத்தால், அடுத்து என் பெயர் வருவதற்குள் ஓய்வு வந்துவிடும். ஆணையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கினால் போயே தீர வேண்டும் என்றில்லை. ஜூன் 2 அன்று போய்ச் சேராவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். ஆகவே நான் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். மாமனார்தான் முதலில் தலை நிமிர்ந்தார்.

"அப்ப பிரிண்டரு?" என்றார்.

மே 12, திங்கள்

யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிரிண்டரை மட்டும் நிறையப் பேர் நிறையத் தடவை கேட்டார்கள்.

மே 13, செவ்வாய்

காலையில் தாரணி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மகள், ஒரே மகள், மனம் விட்டுப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துத் துணி மடிப்பதை நிறுத்தினேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஜூன் மாதம் முழுக்க அடிக்க வேண்டியிருக்குமாம். உன் கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போவாயா, கையோடு கொண்டு போவாயா என்று கேட்டாள். நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

கணவரிடம் நானே போய்க் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். எங்கள் கல்யாணத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. புடவைக் கடையில் சொன்னால் எனக்குப் பசிக்கிறது, சீக்கிரம் எடு என்று அர்த்தம். தாரணியின் காலேஜ் விஷயத்தில் சொன்னபோது நீ சொன்ன காலேஜ் வேண்டாம் என்று அர்த்தம். முந்தைய இரண்டு பதவி உயர்வின்போதும் இதையேதான் சொன்னார். அர்த்தம் புரிந்துகொண்டு போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். நானும்தான் சாப்பிட்டேன்.

மே 15, வியாழன்

பிரிண்டரின் பின்பக்கத்தைத் துடைத்தபோது வைஃபை படம் போட்ட ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. அதாவது இந்த மகராசி என் கம்ப்யூட்டரின் தயவே இல்லாமல், நெட் வரும் பெட்டியோடு தானே பேசிக்கொள்ளக் கூடியவள். நெட் பெட்டியை எங்கள் வீட்டில் மோடம் என்போம். இத்தனை வருடம் மோடம் ஒரு பக்கம், பிரிண்டர் ஒரு பக்கம் சும்மா இருக்க, நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒயரைப் பிடுங்கினேன். பிரிண்டரை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மின்சாரச் சாமான் அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று மாமனார் சொன்னதால் அங்கிருந்து தூக்கிச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். வைஃபையில் சேர்த்ததும் மோடம் அதற்கு ஓர் எண் கொடுத்தது. அந்த எண்ணை மூன்று கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தேன். மாமனாரின் கம்ப்யூட்டர் மட்டும் ஒரு முழு மத்தியானத்தைத் தின்றது. அது திறப்பதற்குள் சோறு வடித்து, ரசமும் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் நான் ஊருக்குப் போவதற்காகச் செய்யவில்லை. அறையில் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்றுதான்.

மே 16, வெள்ளி

காலையில் பிரிண்டர் வரவில்லை. மூன்று பேரும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். நீ பண்ணி வைத்தது வேலை செய்யவில்லை என்று சொல்வதில் மூவருக்கும் என்ன ஒற்றுமை! போய்ப் பார்த்தால் பிரிண்டரின் எண் மாறியிருந்தது. புது எண்ணை மூன்றிலும் போட்டேன். வந்தது.

மே 17, சனி

மறுபடியும் காலையில் வரவில்லை. எங்கள் வீட்டில் பிரிண்ட் வரவில்லை என்றால் ஏன் என்று பார்க்கும் வழக்கம் கிடையாது. இன்னொரு முறை அமுக்குவார்கள். அதற்கும் வரவில்லை என்றால் பலமாக அமுக்குவார்கள். நான் எண்ணைச் சரி செய்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. யாரோ ஒரு பெண்ணின் ஜாதகம் மட்டும் கட்டாக வந்தது. மாமனார் அதைப் பார்த்து, இந்தப் புள்ளைக்கு நேரம் நல்லாருக்குது, எங்கே பார்த்தாலும் இதுதான் வருகிறது என்றார்.

கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பழையபடி உன் அறையிலேயே வைத்துவிடேன் என்றார். அது அவருக்குப் பெரிய வாக்கியம்.

மே 18, ஞாயிறு

காரணம் தெரிந்துவிட்டது. என் கணவர் படுக்கப் போகும் முன் ஒரு நகர்வலம் வருவார். சிலிண்டர் வால்வு, தண்ணீர் மோட்டார், மிக்ஸி, டிவி, செல் சார்ஜர் என்று கண்ணில் படும் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பார். கல்யாணமான புதிதில் இதைப் பொறுப்பு என்று நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். மோடமும் அந்த வரிசையில் அணைகிறது. காலையில் போட்டதும் அது எல்லோருக்கும் புதிதாக எண் கொடுக்கிறது.

லாட்ஜ் மாதிரிதான். முதலில் வந்தவருக்கு முதல் அறை. நேற்று ஐந்தாம் அறையில் இருந்த பிரிண்டர் இன்று எட்டில் இருக்கிறது. ஐந்தில் மாமனாரின் செல்போன் படுத்திருக்கிறது. மூன்று பேரும் விடாமல் ஐந்தாம் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இந்த எண் பிரிண்டருக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கிடையாது என்று நிரந்தரமாக எழுதி வைத்தேன். இனி அவர் ஆசை தீர அணைக்கலாம். ஊரில் கரண்டே போனாலும் அதன் அறை அதற்குத்தான்.

ஒரு மெஷினுக்கு இந்த வீட்டில் நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தாயிற்று.

மே 20, செவ்வாய்

வேலை செய்கிறது. இரண்டு நாளாக யாரும் கூப்பிடவில்லை. நிம்மதி.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு வைத்திருக்கும் ஓர் அம்மாளோடு போனில் பேசினேன். சும்மா தகவலுக்குத்தான். தண்ணீர் உப்பாக இருக்கும், மீன் வாசம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். பழகிக்கொள்வேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்படியே பெட்டி ஒன்றும் வாங்கினேன். பழைய பெட்டிக்கு ஜிப் போய்விட்டது. ஜிப் போன பெட்டியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மே 22, வியாழன்

மூன்று பேரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தேன். பேப்பர் எப்படி வைப்பது, சிக்கினால் எந்த மூடியைத் திறப்பது, இங்க் எங்கே ஊற்றுவது. தாரணி செல்லைப் பார்த்தபடி தலையாட்டினாள். மாமனார் ராகு காலம் முடியட்டும் என்றார். கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார். சந்தேகம் இருக்கிறதா என்றேன். எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டயா என்று கேட்டார். ஆமாம் என்றதும் மாடிக்குப் போய்விட்டார். என் வகுப்பிலும் கடைசிப் பெஞ்சில் சிலர் இப்படித்தான். புரியாததால் முகம் வாடுகிறது என்று நினைப்போம்.

மே 25, ஞாயிறு

காலையில் தாரணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வைஃபையே இல்லை. எங்கள் வைஃபையின் பெயர் போய், மோடம் கம்பெனி ஒட்டி அனுப்பிய பெயர் இருந்தது. பாஸ்வேர்டு போச்சு. பிரிண்டரின் எண் போச்சு. வாங்கிய அன்று இருந்தமாதிரி மோடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பச்சைக் குழந்தையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

கரண்டு போனால் இப்படி ஆகாது. மோடத்தின் முதுகில் சின்னதாக ஓர் ஓட்டை உண்டு. அதற்குள் ஊசி போன்ற ஒன்றை நுழைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் இப்படி ஆகும். தெரியாமல் கை பட்டு நடக்கிற காரியம் அல்ல. மாமனாருக்கு அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது. தாரணி சோறில்லாமல் இருந்தாலும் வைஃபை இல்லாமல் இருக்க மாட்டாள். மிச்சம் எறும்புதான். எங்கள் வீட்டு எறும்புகள் ரொம்பப் படித்தவை என்று முடிவு கட்டிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன்.

வேலையாக இருக்கும்போது கணவர் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டிருப்பாரோ என்று பயந்தேன். சர்க்கரைதான். பக்கத்தில் நின்று, "பாரு, நீ இல்லாட்டி இங்க ஒண்ணும் நடக்கறதில்ல" என்றார். குறை சொன்னாரா வேறு ஏதாவது சொன்னாரா என்று தெரியவில்லை. காப்பியைக் குடித்தேன்.

மே 26, திங்கள்

போகத்தான் வேண்டுமா என்று யோசனையாக இருக்கிறது. வீடு இன்னும் தயாராகவில்லை. மூன்று பேரையும் இப்படி விட்டுவிட்டு அங்கே போய் யாருக்கு மணி அடிக்கப் போகிறேன்? பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மே 27, செவ்வாய்

எறும்பு மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது. இந்த முறை தடயத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. மோடத்துக்கு மேலேயே ஒரு குண்டூசி.

இந்த வீட்டில் குண்டூசி வைத்திருப்பவர் ஒருவர்தான். ஏஜெண்டுகள் எல்லோரும் ஸ்டேப்ளருக்கு மாறிய பிறகும், பாலிசிக் காகிதங்களைக் குண்டூசியால்தான் கோப்பார். சட்டைப் பையின் மடிப்பில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். அந்தச் சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

தாரணி வெளியே போயிருந்தாள். மாமனார் கோயிலில். கணவர் ஹாலில் ஏதோ பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். குண்டூசியை அந்தப் பாரத்தின் மேல் வைத்தேன்.

"ஏனுங்க, இது உங்களுதா?"

குண்டூசியையே பார்த்தார். பிறகு "ம்" என்றார்.

"போவேண்டாம்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ இருந்துக்குவ" என்றார். "ரெண்டு தடவ இருந்துட்ட. மூணாவது தடவையும் எப்படிக் கேக்கறது? அதான் வாய அடக்கிட்டேன். கைய அடக்க முடியல."

இதைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன்போல உட்கார்ந்திருந்தார். நான் திட்டத்தான் போனேன். இரண்டு நாளாகக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடமாக அந்த இரண்டு வார்த்தைக்கு நானே அர்த்தம் போட்டுக்கொண்டு நானே கோபப்பட்டிருக்கிறேன்! இவருக்கு நான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல இந்த மனிதருக்கு ஒரு மோடத்தைக் கொல்ல வேண்டியிருந்ததே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். தோளைத் தொடலாமா என்று யோசித்து, கடைசியில் துண்டை நீட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோடத்தை அவர் மடியில் வைத்தேன். "கெடுத்தது நீங்கதானுங்க? நீங்களே போடுங்க" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். வைஃபைக்குப் பெயர் வைத்தார். பாஸ்வேர்டு போட்டார். பிரிண்டருக்கு எண்ணை நிரந்தரமாக எழுதினார். சோதனைப் பக்கம் வெளியே வந்தபோது, முதல் பாலிசி பிடித்த அன்றைக்கு இருந்த முகம் அவருக்கு.

அதற்குப் பிறகு பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான். ஜிப்பை இழுத்துப் பார்த்து, நல்ல பெட்டி என்றார்.

மே 28, புதன்

போகிறேன். எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.

மே 30, வெள்ளி

விஷயம் உறுதியானதும் வீட்டார் அன்பைப் பொழிகிறார்கள். மாமனார் என் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்து, தெற்குத் திசைப் பயணம் யோகம் என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார். ராமநாதபுரத்துக்கு ஆர்டர் வராமல் ஊட்டிக்கு வந்திருந்தால் யோகம் மேற்குக்குத் திரும்பியிருக்கும். தாரணி என் செல்லில் வீடியோ கால் போட நாலு தடவை சொல்லிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் இந்த வீட்டையே தூக்கி நிறுத்தியவளுக்கு வீடியோ கால் பாடம். நான் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். பாதியில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரெண்டு பேரும் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 31, சனி

என் கம்ப்யூட்டரைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டியாயிற்று. நாளை சாயங்காலம் பஸ்.

பருப்புப் பொடி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்தியதும் ஹாலில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது, பிரிண்டர் பாட்டுக்கு ஓடுகிறது. நடுவில் பேப்பர் சிக்கியது. கை தானாக முந்தானையில் துடைத்துக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைத்தும்விட்டேன். அதற்குள் கணவரின் குரல், இரு நான் பார்க்கிறேன் என்றது. மூடி திறக்கும் சத்தம். மூடும் சத்தம். மறுபடி ஓடியது.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது. அப்புறம் எதற்கு நெஞ்சு அப்படி அடைத்துக்கொண்டது என்று தெரியவில்லை. பொடி வாசம் ஏறிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

சேர்ந்துவிட்டேன். காலைக் கூட்டத்தில் நான் மைக் முன்னால் வந்ததும் கடல் காற்றில் என் புடவைத் தலைப்பு கொடிக்கம்பத்தில் போய் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்துப்போய்விட்டது. என் அறைக் கதவுக்கு மேல் பலகையில் தலைமை ஆசிரியை என்று இருக்கிறது. யாரும் பார்க்காதபோது வெளியே வந்து ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

தண்ணீர் உப்புத்தான். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் கணவர் போன் செய்தார்.

"செல்வி, பிரிண்டர் வரமாட்டேங்குது" என்றார்.

மோடத்தில் விளக்கு எரிகிறதா என்றேன். எரிகிறது என்றார். எண் சரியாக இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்கூட வரவில்லை, காலையிலிருந்து இதே ரோதனை என்றார். அவர் இதைச் சொல்லும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால், செருப்பு அலமாரியின் மேல், பிரிண்டர் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் தள்ளும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்றார். மீன் வாசம் எப்படியிருக்கிறது, பலகையில் உன் பெயர் இருக்கிறதா, பிள்ளைகள் பயப்படுகிறார்களா என்றெல்லாம் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னோடு ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. பேசி முடித்ததும், இன்னும் வரவில்லை என்று நினைவாகச் சொன்னார். பழைய மெஷின், ஒரே நாளில் சரியாகாது, நாளைக்கும் கூப்பிடுங்க என்றேன்.